அமலோற்பவம் ஏறும் உயரம்

இஞ்ஞாசிமுத்து மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்திரண்டு. அவருடைய குரு ஷமீமாவுக்கு முப்பத்தேழு.

ஷமீமா போடியில் ஜீப் பட்டறை வைத்திருந்தார். மலைத் தோட்டங்களுக்குப் போகிற வண்டிகள் பழுதானால் அவரிடம்தான் வரும். இஞ்ஞாசிமுத்து மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு எஸ்டேட்டில் கழித்துப்போட்ட பழைய டிரக்கை வாங்கி, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. அப்போது ஒரு சக்கரம்கூடச் சுற்றவில்லை.

"பட்டறைக்குக் கொண்டாங்க அண்ணே. மூணு மாசத்துல முடிச்சுத் தர்றேன்" என்றார் ஷமீமா.

"இல்ல மேஸ்திரி. என் கையால செய்யணும். சொல்லிக் குடுங்க, போதும்."



"வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. சாயங்காலம் வர்றேன்."

முதல் வெள்ளிக்கிழமை இஞ்ஞாசிமுத்து கேட்டார். "எதுல ஆரம்பிக்கிறது?"

ஷமீமா ஒரு சின்னச் சுத்தியலைக் கொடுத்தார். "அடியில படுத்து, சேஸ் சட்டம் முழுக்கத் தட்டிக்கிட்டே வாங்க."

"எதுக்கு?"

"நல்ல இரும்பு கணீர்னு பேசும். துருப்பிடிச்சது பேசாது."

அவர் இரண்டு மணி நேரம் தட்டினார். நான்கு இடங்கள் பேசவில்லை. சாக்பீஸால் வட்டம் போட்டார். அந்த நான்கையும் வெட்டியெடுத்து, புது இரும்பு வைத்து வெல்டிங் செய்து முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

இப்படி ஒவ்வொன்றாகக் கற்றார். பேரிங்குக்குள் கிரீஸை விரலால் அழுத்தி ஏற்ற, பழைய ஆயிலை விரலிடுக்கில் தேய்த்து இரும்புத்தூள் இருக்கிறதா என்று பார்க்க, சத்தத்தை வைத்து எந்தச் சக்கரம் என்று சொல்ல. ஒரு வருடத்தில் இஞ்சின் ஓடியது.

டீ கொண்டுவருவது அவருடைய மனைவி அமலோற்பவம். இடது காலை இழுத்து நடப்பார். ஒரு கையில் ஊன்றுகோல் என்பதால் டீயை ஃபிளாஸ்க்கில் ஊற்றி, பைக்குள் வைத்துத் தோளில் மாட்டி வருவார். இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டு, வண்டியை ஒரு தரம் பார்த்துவிட்டு, உள்ளே போய்விடுவார்.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகும் இஞ்ஞாசிமுத்து நிறுத்தவில்லை. பாறையில் அடி தட்டாமல் இருக்க உயரமான ஸ்பிரிங் மாட்டினார். பிறகு பெரிய டயர். முன்னால் கனத்த இரும்பு பம்பர். உருண்டாலும் நசுங்காதபடி உள்ளே குழாய்க் கூண்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே கேள்வி.

"மேஸ்திரி, மலையில எதுவும் ஆகாம இருக்கணும். இன்னும் என்ன போடலாம்?"

"யாரு போகப் போறது அண்ணே?"

"நான்தான். சும்மா."

இன்னொரு வருடம் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் தோளில் ஒரு இரும்புக் குழாயோடு நின்றார். "இதைக் குறுக்கால எங்க பத்த வைக்கலாம்?"

ஷமீமா குழாயைப் பார்க்கவில்லை. ஃபிளாஸ்க்கை மூடிக்கொண்டிருந்த அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினார்.

"மதினி, கொஞ்சம் ஏறி உக்காருங்களேன். சீட்டு சரியா இருக்கான்னு பாக்கணும்."

அமலோற்பவம் ஊன்றுகோலை டயரில் சாய்த்து வைத்தார். கதவோரத்துக் கம்பியைப் பிடித்து வலது காலைத் தூக்கினார். முழு பாரமும் இடது காலுக்கு வந்தது. உடனே இறக்கிக்கொண்டார். இடது காலைத் தூக்கிப் பார்த்தார். அது கொஞ்சம் எழுந்து, நின்றுவிட்டது. வண்டியின் தளம் அவர் இடுப்புக்கும் மேலே இருந்தது.

"எட்டலையே" என்று சிரித்தார். "பரவாயில்ல. நல்லாத்தான் கட்டியிருக்காரு."

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

குழாய் இஞ்ஞாசிமுத்துவின் தோளிலேயே இருந்தது.

"யாரு போகப் போறதுன்னு எத்தனை தடவை கேட்டேன் அண்ணே" என்றார் ஷமீமா.

இஞ்ஞாசிமுத்து குழாயைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்.

மலைமேல் ஏலத்தோட்டத்தில் அமலோற்பவத்தின் தங்கை ஞானசௌந்தரி இருக்கிறாள். அவள் புருஷன் படுத்த படுக்கை. அவரை விட்டுவிட்டு அவளால் இறங்கி வர முடியாது. முன்பெல்லாம் இவர்கள்தான் மாதம் ஒருமுறை போய்வருவார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு மழைநாளில், தெரிந்தவர் ஜீப்பை இரவல் வாங்கி இஞ்ஞாசிமுத்துவே ஓட்டிப் போனார். திரும்பி இறங்கும்போது ஒரு வளைவில் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. அவருக்கு ஒரு கீறலும் இல்லை. அமலோற்பவத்துக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

"வாடகை ஜீப்புல போவோமான்னு ஒரே ஒரு தடவை கேட்டா. வேண்டாம், நானே ஒரு வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போறேன்னேன். அதுக்கப்புறம் மலைப்பேச்சே எடுக்கல. பயந்துட்டா மேஸ்திரி. அவ பயப்படாம ஏறுற மாதிரி..."



"அளவு டேப் இருக்கா?" என்றார் ஷமீமா.

"இருக்கு."

"மதினியால எவ்வளவு உயரத்துக்குக் காலைத் தூக்க முடியுதுன்னு அளந்துட்டு வாங்க. வண்டியை அப்புறம் பாப்போம்."

அமலோற்பவம் அடுப்படியில் நின்றிருந்தார். இஞ்ஞாசிமுத்து அவர் காலடியில் மண்டியிட்டார்.

"என்னங்க இது?"

"காலைத் தூக்கு. வலிக்கிற இடம் வந்தா சொல்லு."

கட்டுப் பிரித்த நாளுக்குப் பிறகு அந்தக் காலை இஞ்ஞாசிமுத்து தொட்டதில்லை. பாதத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டார். அது மெல்ல எழுந்தது.

"போதும்" என்றார் அமலோற்பவம்.

ஒன்பது அங்குலம்.

இஞ்ஞாசிமுத்து உயரமான ஸ்பிரிங்கைக் கழற்றி, தாழ்வான புது ஸ்பிரிங் மாட்டினார். பெரிய டயரைக் கழற்றினார். பாதிக் குழாய்களை அறுத்தார். கதவுக்குக் கீழே ஒன்பது அங்குலத்துக்கு ஒன்றாக இரண்டு படி வைத்தார். அமலோற்பவத்தை நிற்கவைத்து, அவர் கை தானாகப் போகிற இடத்தில் ஒரு பிடி வைத்தார். இரண்டு வருடம் கட்டியதைக் குறைக்க ஆறு வாரம்தான் ஆயிற்று.

"இப்ப போகலாமா மேஸ்திரி?"

"முதல்ல என்னைக் கூட்டிட்டுப் போங்க."

ஊருக்கு வெளியே, பழைய செம்மண் குவாரியின் சரிவுக்கு ஷமீமா அவரை அழைத்துப் போனார். முந்தின நாள் மழை பெய்திருந்தது. உச்சியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்திலிருந்த, வேகத்தை அடக்கும் சின்னக் கம்பியைப் பின்னுக்குத் தள்ளி, முதல் கியரில் போடச் சொன்னார்.

"இறங்குங்க."

வண்டி மூக்கைக் கவிழ்த்தது. இஞ்ஞாசிமுத்துவின் கால் பிரேக்குக்குப் போனது.

"காலை எடுங்க."

"எடுத்தா உருண்டுரும் மேஸ்திரி."

"எடுங்க."

"முடியல."

"அன்னிக்கு என்ன செஞ்சீங்க?"

"மிதிச்சேன். நாலு சக்கரமும் நின்னுச்சு. வண்டி நிக்கல."

ஷமீமா மறுபடி சொல்லாமல் காத்திருந்தார். கைகளை மடியில் கோத்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

இஞ்ஞாசிமுத்து காலை எடுத்தார்.

வண்டி உறுமியது. இஞ்சினே சக்கரங்களை இழுத்துப் பிடித்தது; உருளவில்லை. ஒரு ஆள் நடக்கிற வேகத்தில், ஒவ்வொரு அடியாக, ஈரச் சரிவில் இறங்கிப் போனது. கீழே வந்து நின்றபோது அவர் சட்டை நனைந்திருந்தது.

"இன்னொரு தடவை" என்றார் ஷமீமா.

அன்று பதினொரு தடவை இறங்கினார்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை அமலோற்பவம் இரண்டு படி ஏறி, பிடியைப் பற்றி, சீட்டில் உட்கார்ந்தார். மலைமேல் வீட்டு வாசலில் ஞானசௌந்தரி நின்றிருந்தாள். அக்காளும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்புறம், யாருக்கு அதிகம் நரைத்திருக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் இறங்கும்போது அந்த வளைவு வந்தது. லேசான தூறல்.

"இங்கதான்" என்றார் அமலோற்பவம்.

"ம்."

இஞ்ஞாசிமுத்துவின் கால் தரையிலேயே இருந்தது. வண்டி நடந்து இறங்கியது. அமலோற்பவம் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"அந்தப் பள்ளத்துல ஏலச்செடி வச்சிருக்காங்க, பாருங்க."

வெள்ளிக்கிழமை ஷமீமா வந்தார். புதிதாக மாட்டிய ஸ்பிரிங்குகளை முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி முறுக்க வேண்டும். அது இரண்டு பேர் வேலை. ஒரு பக்கம் போல்ட் திரும்பாமல் ஸ்பானரால் பிடித்திருக்க வேண்டும். மறுபக்கம் நட்டை முறுக்க வேண்டும். இருவரும் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார்கள். இஞ்ஞாசிமுத்து பிடித்திருந்தார்.

"மேஸ்திரி."

"சொல்லுங்க."

"அந்த வளைவுல அவ கண்ணை மூடிக்குவான்னு நினைச்சேன். மூடல. பள்ளத்தை எட்டிப் பாத்தா."

"சரி."

"பயமில்லேன்னா, மூணு வருஷம் மலையைப் பத்தி ஏன் ஒரு வார்த்தை பேசாம இருந்தா? அஞ்சு நாளா யோசிக்கிறேன். எனக்குப் புரியல. நீங்க சொல்லுங்க."

ஷமீமா கையை நீட்டி, அவர் கையிலிருந்த ஸ்பானரை வாங்கிக்கொண்டார்.

"உள்ளதான் இருக்காங்க. போய்க் கேட்டுட்டு வாங்க அண்ணே. அதுவரைக்கும் இந்தப் பக்கத்தை நான் புடிச்சுக்கிறேன்."