தானாக வராதவள்

செண்பகவல்லிக்கு இது இரண்டாவது பிரசவம். சொன்ன தேதி தாண்டிப் பத்து நாளாகியும் குழந்தைக்கு வெளியே வரும் எண்ணமே இல்லை. பனிக்குட நீர் குறைகிறது, நாளைக் காலையில் வந்து சேருங்கள், மருந்து வைத்து வலியை வரவழைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவள் நேரே மெய்யம்மையிடம் போனாள். மலையடிவாரத்தில் தியானம் சொல்லித்தரும் மெய்யம்மை அவளைவிட நாலு வயது இளையவள். ஆனாலும் ஆறு வருடமாக அவள்தான் குரு.

“எதையும் வற்புறுத்தக் கூடாது, அது அது அதனதன் நேரத்துல நடக்கும்னு நீங்கதானே சொன்னீங்க. இப்ப மருந்து வெச்சு இழுக்கிறது தப்பில்லையா, அம்மா?”

மெய்யம்மை, எத்தனை மணிக்குச் சேர வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுவார்கள். மாமியார் மூத்தவனைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால், மறுநாள் குருவே பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

காலையில் வலியை வரவழைக்கும் ஜெல் வைத்தார்கள். மத்தியானம் வரை ஒன்றும் நடக்கவில்லை. செண்பகவல்லி கண்ணை மூடி அமர்ந்து, வயிற்றுக்குள் இருப்பவரின் விருப்பத்துக்கு மரியாதை கொடுத்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் வந்து, உட்கார்ந்தால் ஆகாது, நடங்கள் என்று எழுப்பிவிட்டாள். மூத்தவன் தானாக வந்தான், மூச்சைக் கவனித்தபடியே சத்தமில்லாமல் பெற்றேன் என்று பக்கத்துக் கட்டில்காரியிடம் பெருமையடித்துவிட்டு நடக்கப் போனாள்.

பிறகு வலியைக் கூட்ட டிரிப்ஸ் ஏற்றினார்கள்.

மூத்தவன் பிறந்தபோது வலி வந்து வந்து போனது. இது வந்தது, போகவில்லை. முதலில் புருஷனைத் திட்டினாள், அடுத்து டாக்டரை. மூச்சைக் கவனியுங்கள் என்று மெய்யம்மை காதோரம் சொன்னபோது, “நீங்க வந்து படுத்துக் கவனிங்க” என்றாள்.

குரு அதற்கப்புறம் மூச்சைப் பற்றிப் பேசவில்லை. இடுப்பைத் தேய்த்துவிட்டாள்.

திடீரென்று குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கியது. நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். டிரிப்ஸை நிறுத்தி, ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். அந்த இரண்டு நிமிடம் செண்பகவல்லி யாரையும் திட்டவில்லை. எப்படியாவது வெளியே எடுத்துவிடுங்கள் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

துடிப்பு ஏறியது. நாலரை மணிக்குப் பெண் பிறந்தாள். வார்டு முழுக்கக் கேட்கும்படி அழுதாள்.

பால் குடித்துக் குழந்தை தூங்கியதும் செண்பகவல்லிக்குப் பழைய உறுத்தல் திரும்ப வந்தது.

“நான் பாட்டுக்கு இருந்தேன், ஏன் என்னை இழுத்துட்டு வந்தீங்கன்னு நாளைக்கு இவ கேட்டா என்னம்மா சொல்றது?”

மெய்யம்மை முடியை ஒதுக்கிக் காட்டினாள். காதுக்கு மேலே ஒரு பழைய தழும்பு.

“என்னை ஆயுதம் போட்டு இழுத்துத்தான் வெளியே எடுத்தாங்க.”

செண்பகவல்லி அதைத் தொட்டுப் பார்த்தாள். “உங்களுக்கு அதுல வருத்தம் உண்டா, அம்மா?”

“எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை. எங்கம்மாதான் இன்னும் சொல்லிக்கிட்டே இருக்காங்க.”