பாதியில் நின்ற குறிப்பு

தில்லைநாயகத்துக்கு வயது நாற்பத்தெட்டு. அவருடைய குரு ரெஜினாவுக்கு முப்பத்திரண்டு. நாகர்கோவிலில் அவர் வேலை பார்க்கும் மென்பொருள் அலுவலகத்தில் அவள் சேர்ந்த புதிதில் கிண்டலாகத்தான் ‘குருவே’ என்று கூப்பிட்டார். மொபைல் வேலை முழுக்க அவளிடம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததால், கிண்டல் எப்போது போனது என்று அவருக்கே தெரியாது.

அன்று காலை அவர் முகம் வெளிறிப்போய் வந்தார்.

“குருவே, இந்த போன் பொய் சொல்லுது.”

“என்ன சொல்லுது அண்ணாச்சி?”

பதினோரு வருடமாக ஆஸ்பத்திரி கணினியில் ஓடுகிற அவருடைய புரோகிராமைத்தான் செவிலியர்களின் போனுக்கு மாற்றியிருந்தார். நோயாளி விவரமெல்லாம் எக்ஸ்எம்எல் என்ற வகைக் கோப்பில் இருக்கும். ஒரு பெரியவரின் பெயருக்கு நேரே கணினி ‘பெனிசிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது’ என்று காட்டுகிறது. போனிலோ ‘பெனிசிலின் ஊசி’யோடு நின்றுவிட்டது.

“சோதனைக்குக் கொடுத்த போனைப் பார்த்து சுகிர்தா சிஸ்டர் ஊசியைக் கையிலயே எடுத்துட்டாங்க. அந்தப் பெரியவரோட சம்சாரம் குறுக்க வந்து தடுத்திருக்காங்க. இல்லைன்னா…” தில்லைநாயகம் போனை மேஜையில் வைத்தார். “என் புரோகிராம்ல ஒரு எழுத்து மாறல. அப்படி வர வாய்ப்பே இல்லைன்னு, சிஸ்டர் பேசிக்கிட்டு இருக்கும்போதே சொல்லி போனை வச்சுட்டேன். திங்கக்கிழமை அறுபது சிஸ்டருங்க கையில இது போகப்போகுது.”

ரெஜினா டீ கிளாஸைக் கையில் எடுத்தாள்.

“மேனேஜரும் கூப்பிட்டார். இந்த வேலையை அண்ணாச்சிகிட்ட இருந்து எடுத்துடுங்கன்னு சொன்னார்.”

சொல்லிவிட்டு டீயை ஊதி ஒரு வாய் குடித்தாள்.

இருபது வருடம் நாயாய் உழைத்தவனுக்கு இதுதான் மரியாதையா? தில்லைநாயகம் கழுத்தில் கிடந்த அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் போட்டார். நாற்காலியைத் தள்ளிவிட்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனார்.

“முடியவே முடியாது, இதைச் சரிபண்ண அவரை விட்டா ஆள் இல்லைன்னு சொல்லிட்டேன்” என்றாள் ரெஜினா.

கதவில் வைத்த கை அப்படியே நின்றது.

“அதை முதல்லயே சொல்லக்கூடாதா?”

“சொல்லிக்கிட்டுதானே இருந்தேன். டீ சூடா இருந்துச்சு, நடுவுல ஒரு வாய் குடிச்சேன்.”

மனுஷனுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு திரும்பி வந்து, தன் புரோகிராமைத் திறந்து, அது எங்கே பாதியில் நிற்கிறது என்று தேடினார்.

கோப்பில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு தொடக்கக் குறியும் ஒரு முடிவுக் குறியும் உண்டு. நடுவில் இருப்பதைப் படித்துக் கொண்டுவந்து புரோகிராமிடம் கொடுக்க ஒரு பகுதி இருக்கும். கணினியில் இருப்பது எல்லாவற்றையும் ஒரே நடையில் அள்ளி வந்துவிடும். போனில் இருப்பது சின்னது. பாவம், அது இரண்டு மூன்று நடையாகக் கொண்டு வருகிறது. முதல் நடை வந்ததுமே விவரம் முடிந்தது என்று இவர் கதவைச் சாத்தியிருந்தார்.

முடிவுக் குறி வரும்வரை வருவதையெல்லாம் சேர்த்துக்கொண்டே போகும்படி மாற்றினார். கால் மணி நேர வேலை. போனில் மறுபடி அந்தப் பெரியவரின் பெயரைத் தட்டினார். ‘பெனிசிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது’ என்று முழுசாக வந்தது. அவர் அதை மூன்று தடவை படித்தார், கண் கலங்கிவிட்டது.

ரெஜினா அடையாள அட்டையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

“சுகிர்தா சிஸ்டர் மறுபடியும் கூப்பிடுறாங்க குருவே. நான் என்ன சொல்லட்டும்?”

“நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம் அண்ணாச்சி. காலையில அவங்க சொல்ல வந்ததை இன்னும் சொல்லி முடிக்கல.”