கோடு வளையாத மாப்பிள்ளை

வாசல் நிலையில் மூன்றாவது தடவையாக நெற்றி மோதியும் ஒச்சப்பன் குனியவில்லை.

"குனிஞ்சுதான் வரணும் மாப்பிள்ளை. பழைய வாசல்," என்றார் பெண்ணின் அப்பா சோணைமுத்து, உள்ளே நின்றபடி.

ஒச்சப்பன் இரண்டடி பின்னால் போனான். முதுகை இன்னும் விறைப்பாக்கிக்கொண்டு மறுபடி வந்து மோதினான். நிலையிலிருந்து காய்ந்த மஞ்சள் உதிர்ந்தது. அவன் தலையிலிருந்து எதுவும் உதிரவில்லை. உள்ளே இருந்தால்தானே.

அவன் குனியாததற்குக் காரணம், கழுத்திலிருந்து முழங்கால் வரை தொங்கிய துண்டு. அதில் நெடுக்குக் கோடு. முதல் நாள் ஜவுளிக்கடை அம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: "தம்பிக்கு உடம்பு கொஞ்சம் பூசினாப்ல இருக்கு. நெடுக்குக் கோடு போட்டதா எடுத்து நீளமாத் தொங்கவிடுங்க, ஒல்லியாக் காட்டும். குறுக்குக் கோடு மட்டும் வேணாம், பீப்பா மாதிரி தெரியும்." குனிந்தால் நெடுக்குக் கோடு குறுக்கே படுத்துக்கொள்ளும். பெண் வீட்டு வாசலில் வைத்து ஒருவன் பீப்பாய் ஆகலாமா?

ஏற்கெனவே இரண்டு இடத்தில் பெண் பார்த்தாகிவிட்டது. ஒருத்தி, மாப்பிள்ளை குண்டு என்றாள். இன்னொருத்தி காரணமே சொல்லவில்லை, சிரித்தாள். நாளைக்கு ஆடி பிறக்கிறது. அப்புறம் ஒரு மாதத்துக்கு எவனும் பெண் காட்ட மாட்டான். இந்த இடமாவது அமைய வேண்டுமே என்ற கவலையில் ஒச்சப்பனுக்கு ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை. நாலு தட்டோடு எழுந்துவிட்டான்.

அவனுக்கு எல்லாம் செய்வது அக்கா பவுனுதான். பாவம், அவள் கால் சுளுக்கிக் கிடந்தாள். அதனால் தன் புருஷன் பேச்சிமுத்துவையும், ஒச்சப்பனின் கூட்டாளி அழகுமலையையும் துணைக்கு அனுப்பினாள். வேறு ஆள் கிடைக்கவில்லை.

"கலருக்கும் உடம்புக்கும் பொருத்தமா ஒரு துண்டு எடுத்துப் போட்டுக்க. கையில ஒரு கடிகாரம் கட்டிக்க. கடைக்காரவுக சொல்றதைக் கேளுங்க, உங்க புத்தியில எதையும் செய்யாதீக. போனமா, பொண்ணைப் பாத்தமா, வந்தமான்னு இருக்கணும்," என்று சொல்லி அனுப்பினாள்.

சொன்னபடிதான் செய்தார்கள். அதுதான் பிரச்சினை.

"டியூப்லைட்ல கலர் ஏமாத்தும். வெயில்ல வச்சுப் பாத்து எடுங்க," என்றார் கடை அம்மா.

மூவரும் ஒதுங்கி நின்று ஆலோசித்தார்கள்.

"எதை வெயில்ல வைக்கச் சொல்றாக? துணியையா, ஆளையா?" என்று கேட்டான் அழகுமலை.

"துணிய வச்சா வெளுத்துரும். அது அடுத்தவுக பொருள்," என்றார் பேச்சிமுத்து. "ஆளு நம்ம பொருளு."

ஒச்சப்பனைத் தெருவில் நிறுத்தினார்கள். கோதுமை நிறத்தில் ஒரு துண்டு அவன் கன்னத்துக்கு அச்சாகப் பொருந்தியது. அதற்குப் பில் போட்டுவிட்டு வருவதற்குள் அவன் கொஞ்சம் கறுத்திருந்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு வெல்ல நிறத்தில் எடுத்து வந்தார்கள். அதற்குள் அவன் வெல்லத்தையும் தாண்டியிருந்தான்.

"நில்லுடான்னா நிக்கிறானா பாரு," என்று சலித்துக்கொண்டார் பேச்சிமுத்து.

"நின்னுக்கிட்டுத்தான மச்சான் இருக்கேன்."

"ஆளு நிக்கிற. கலர் ஓடுதே."

பொழுது சாயும்போது ஒச்சப்பன் பழைய புளி நிறத்துக்கு வந்திருந்தான். வெயிலும் இறங்கிவிட்டதால் அதற்கு மேல் கறுக்கவில்லை. அந்த நிறத்திலேயே கோடு போட்ட துண்டு கிடைத்தது. கடை அம்மா அவர்களை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

கடிகாரக் கடையில் வேலை சீக்கிரம் முடிந்தது. "கை நல்லாப் பெருசா இருக்கு. சின்னக் கடிகாரம் எடுப்பா இருக்காது, பெருசா இருக்கட்டும்," என்றார் கடைக்காரர். இருந்ததிலேயே பெரியது சுவரில் மாட்டியிருந்தது, பெண்டுலத்தோடு. அதை ஒச்சப்பனின் முன்கையில் வைத்து சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினார்கள். எடுப்பாகத்தான் இருந்தது.

இப்போது அதே கடிகாரத்தோடு, அதே துண்டோடு, பெண் வீட்டுக்குள் நுழைய வழியில்லாமல் நின்றான்.

"நிலையைப் பேத்துருவமா?" என்றான் அழகுமலை.

"சம்பந்தம் பேச வந்த வீட்டுல அது மரியாதையா? மாப்பிள்ளையப் படுக்க வச்சு உள்ள தள்ளிருவோம்," என்றார் பேச்சிமுத்து.

"படுத்தாக் கோடும் படுத்துருமே மச்சான்," என்றான் ஒச்சப்பன். அழுகை வரும் போலிருந்தது.

பேச்சிமுத்து வெகு நேரம் யோசித்தார். பிறகு சோணைமுத்துவைப் பார்த்து, "அய்யா, வீட்டுல கடப்பாரை இருக்குங்களா?" என்று பணிவாகக் கேட்டார்.

"எதுக்கு?"

"வாசப்படியில ஒரு முழம் தோண்டினா மாப்பிள்ளை நேரா நடந்து வந்துருவாரு."

சோணைமுத்து நைசாக நகர்ந்து, மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை மறைத்து நின்றுகொண்டார். "உள்ள வேற புழுக்கமா இருக்கு. வெளியவே பாத்துக்கலாம்," என்றார்.

வெளியே நாற்காலி போட்டார்கள். ஒச்சப்பன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் இடுப்பில் ஒரு மடிப்பு, முழங்காலில் ஒரு மடிப்பு. ஆகவே நாற்காலிக்கு முன்னால் கொடிமரம் மாதிரி நின்றான். பக்கத்தில் அழகுமலை குடையோடு நின்றான். ராத்திரி வீட்டுக்குள் தூங்கியதில் ஒச்சப்பன் லேசாக வெளுத்திருந்தான். அழகுமலை துண்டின் ஓரத்தைத் தூக்கி அவன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பான். "இன்னும் கொஞ்சம் வேகணும்," என்று குடையை மடக்குவான். கொஞ்ச நேரம் கழித்து, "போதும், பதம் வந்துருச்சு," என்று விரிப்பான்.

பெண் பூரணம் காபியோடு வந்தாள். அவள் குள்ளம், அந்த வாசலில் குனியாமலே வந்துவிட்டாள். ஒச்சப்பனுக்கு முழங்கை உயரம்தான் இருப்பாள்.

அவனுக்குப் பார்க்க ஆசைதான். ஆனால் மோவாயை இறக்கினால் கழுத்துப் பக்கம் கோடு வளையும். கண்ணை மட்டும் இறக்கிப் பார்த்தான். தொப்பை தெரிந்தது. அதற்குக் கீழே உலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. காற்றில் கையைத் துழாவினான். முதல் தடவை சோணைமுத்துவின் மூக்கு கிடைத்தது. அடுத்த தடவை தம்ளர் கிடைத்தது. குடிக்க அண்ணாந்தால் போதும் என்பதால் காபி விஷயத்தில் அவனுக்குச் சிரமமில்லை.

"பூரணம், மாப்பிள்ளையப் பாத்துட்டல்ல. என்னம்மா சொல்ற?" என்று கேட்டார் சோணைமுத்து. அவருக்கு என்ன பதில் வேண்டும் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து ஒச்சப்பன் கையில் இருந்த கடிகாரம் அடித்தது. டங், டங் என்று பதினொரு மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது. கோயில் மணி மாதிரி அப்படி ஒரு நாதம்.

சோணைமுத்து தன்னை அறியாமல் கை கூப்பினார். நல்ல காரியம் பேசும்போது மணிச்சத்தம் கேட்டால் அதற்கு மேல் மனுஷன் பேச முடியுமா?

"இதுவரைக்கும் வந்தவுக எல்லாரும் சந்தையில மாடு பாக்குற மாதிரி என்னைய மேலயும் கீழயும் பாத்தாக," என்றாள் பூரணம். "இவுக ஒரு தடவகூடப் பாக்கல. எனக்குச் சம்மதம்ப்பா. முதல்ல அவுகளை நிழல்ல நிக்கச் சொல்லுங்க, கருகுறாக."

மூவரும் வீடு வந்து சேர்ந்தபோது பவுனு நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தாள். சம்மதம் என்றதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பொண்ணு எப்படி இருக்கா?" என்று புருஷனிடம் கேட்டாள்.

"நான் கோடு வளையாமப் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றார் பேச்சிமுத்து.

"எனக்குக் கலரைப் பாக்கவே நேரம் சரியாப் போச்சுக்கா," என்றான் அழகுமலை.

"நீ என்னடா பாத்த?"

"அவுக வீட்டுக் கூரையில ரெண்டாவது வரிசையில ஒரு ஓடு ஒடைஞ்சிருக்குக்கா," என்றான் ஒச்சப்பன், இன்னும் விறைப்பாக நின்றபடி.

பவுனு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"கல்யாணத்தன்னிக்குப் பாத்துக்கிறேன், விடு," என்று தேற்றினான் அவன்.

"தாலி கட்டக் குனியணுமே," என்றார் பேச்சிமுத்து.

மூன்று பேரும் ஆளுக்கொரு திசையில் யோசித்தார்கள். கடைசியில் அழகுமலைதான் சொன்னான்: "பொண்ண ஒரு ஸ்டூல்ல ஏத்திட்டா?"

அவ்வளவுதான், மூன்று பேரும் ஸ்டூல் வாங்கக் கிளம்பிவிட்டார்கள். அது பெண்ணின் கலருக்குப் பொருந்த வேண்டுமே, அவள் என்ன கலர் என்று தெருமுனையில் நின்று வெகு நேரம் விவாதித்தார்கள். துண்டு சரி, கடிகாரம் சரி. பவுனு ஒச்சப்பனைச் செய்யச் சொன்னதில் பாக்கி ஒன்றுதான். பெண்ணைப் பார்க்கச் சொன்னாள். அவன் பார்க்கவில்லை.