போண்டா விற்ற பொருளாதாரத் துறை

ஊருக்கு நாலு முட்டாள் இருப்பது சகஜம். எங்கள் கல்லூரியில் ஆறு பேரை ஒரே அறையில் உட்கார வைத்து, வாசலில் 'பொருளாதாரத் துறை' என்று எழுதியும் போட்டிருக்கிறார்கள். அந்த ஆறில் ஒருவன் நான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை.

நாங்கள் இரண்டு அணி. சந்தையை அதன் போக்கில் விட்டால் எல்லாம் தானே சரியாகும் என்கிற மூவருக்குச் சங்கரலிங்கம் சார் தலைவர். நான் அந்தப் பக்கம். அதெல்லாம் பணக்காரன் கட்டிவிட்ட கதை என்கிற மாற்றுப் பொருளாதார மூவருக்கு எஸ்தர் மேடம் தலைவி.

ஒரு செவ்வாய்க்கிழமை, கேன்டீன் நடத்தும் சொர்ணத்தாய் அக்கா எங்களிடம் வந்தார்.

"சார், வெள்ளிக்கிழமைக்குள்ள யாவாரம் சூடு பிடிக்கலைன்னா கடையைக் காலி பண்ணச் சொல்லிட்டாக. ரெண்டு பிள்ளைகளை வச்சிருக்கேன். நீங்க படிச்சவுக, ஒரு வழி சொல்லுங்க."

எனக்கு மனசு கேட்கவில்லை. மற்ற ஐந்து பேருக்கும் கேட்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

புதன்கிழமை எங்கள் அணியின் முறை. மற்றவை மாறாதிருக்க, விலை குறைந்தால் விற்பனை கூடும் என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. போண்டா விலையைக் குறைத்தோம். மாணவர்கள் திமுதிமுவென்று வந்தார்கள். முதலில் வந்தவன் தட்டில் கை வைத்ததும் சங்கரலிங்கம் சார் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எடுக்காதப்பா."

"காசு குடுத்துட்டேனே சார்."

"நீ எடுத்தா தட்டுல போண்டா குறையும்ல? விலையைத் தவிர வேற எதுவும் மாறக் கூடாது."

சாயங்காலம் வரை ஒரு போண்டாவும் மாறவில்லை. தட்டுக்குக் காவல் நின்றது நான்தான், வெட்கக்கேடு.

வியாழக்கிழமை எஸ்தர் மேடத்தின் முறை. வரிசையைப் பார்த்ததுமே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"முன்னால நிக்கிறவன் எப்பவும் முன்னால, பின்னால நிக்கிறவன் எப்பவும் பின்னால. இதுதான் சுரண்டல். இனிமே கடைசி ஆள்தான் முதல் ஆள். எல்லாரும் திரும்பி நில்லுங்க."

எல்லோரும் திரும்பி நின்றார்கள். புதிய முதல் ஆளுக்கு நேர் எதிரே கல்லூரி கேட் திறந்திருந்தது. வரிசை குலையாமல் நடந்து, ரோட்டைத் தாண்டி, எதிர் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

"என்ன மேடம், எல்லாரும் போறாகளே?" என்றார் அக்கா.

"முன்னேறுறாங்க," என்றார் மேடம்.

வெள்ளிக்கிழமை அக்கா எங்களை எதுவும் கேட்கவில்லை. கேன்டீன் கதவில் ஓர் அட்டை தொங்கியது: 'பொருளாதாரம் தெரிந்தவர்கள் உள்ளே வரக் கூடாது.' இடைவேளைக்குள் இரண்டு ஈடு போண்டா தீர்ந்து, மூன்றாவது ஈடு எண்ணெயில் கிடந்தது. கடை பிழைத்துவிட்டது. எனக்கு நிஜமாகவே சந்தோஷம்தான், ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்ற எங்கள் ஆறு பேருக்கும் பசி உயிர் போனது.

"அட்டையை நல்லாப் படிங்க," என்றார் சங்கரலிங்கம் சார். "எஸ்தர் மேடம் ஆளுங்க மூணு பேரும் தாராளமா உள்ள போகலாம். அவங்களுக்குப் பொருளாதாரம் தெரியாது."

"நீங்க மூணு பேரும் போகலாம் சார். பதினோரு வருஷமா நான் சொல்றதும் அதைத்தானே," என்றார் மேடம்.

கால் மணி நேரம் விவாதித்தோம். எங்கள் துறை வரலாற்றில் முதன்முறையாக ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஆறு பேருக்கும் பொருளாதாரம் தெரியாது என்று எழுதி, ஆறு கையெழுத்தும் போட்டு, துறை முத்திரையும் குத்தி அக்காவிடம் நீட்டிவிட்டு, ஆளுக்கு ரெண்டு போண்டா வாங்கிக்கொண்டோம்.