மூணாவது வீட்டு அரிசி

ஒரு ஊர்ல ஒரு உலகம்மா இருந்தா. ராணி கிடையாது, மந்திரக்காரி கிடையாது, வெறும் உலகம்மா. ஏட்டி, 'ம்' கொட்டு. அப்பத்தானே நீ முழிச்சிருக்கியான்னு எனக்குத் தெரியும்.

ம். அந்த உலகம்மாவுக்கு வலது கை தோளுக்கு மேல ஏறாது. ரெண்டு வருசமா அப்படித்தான். தலை சீவ முடியாது, கொடியில துணி போட முடியாது. கோயில்ல எல்லாரும் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிக் கும்பிடும்போது, இவ ஒத்தக் கையத் தூக்கிட்டு நிப்பா. அதுதான் அவளுக்குத் தாங்கல. டாக்டர் ஊசி போட்டாரு. வைத்தியர் எண்ணெய் போட்டு நீவினாரு. 'மளுக்'னு சத்தம் வந்துச்சு, கை வரல.

அப்புறம் அம்மன் கோயில் பூசாரிகிட்டப் போயி அழுதா. அவரு, "உன் வீட்டுக்கு அடுத்து வரிசையா மூணு வீட்டுல மடிப்பிச்சை எடு. அந்த அரிசிய இடிச்சு மாவிளக்குப் பிடி. அம்மன் முன்னால படுத்து, வலிக்கிற தோள்ல இலைய வச்சு அதுமேல ஏத்தி வை. நெய் தீர்ற வரைக்கும் திரி எரியணும். ஒரு வீட்டையும் தாண்டப்பிடாது"ன்னாரு.

மடிப்பிச்சைன்னா என்னவா? வீட்டுல மூட்டை மூட்டையா அரிசி கிடந்தாலும், முந்தானைய ஏந்தி அடுத்தவுக வாசல்ல நின்னு கேட்டு வாங்கணும். கேக்கும்போதே மண்டைக்கனம் இறங்கிரும்லா, அதுக்குத்தான்.

முதல் வீடு தையல்காரர் வீடு. ரெண்டாவது டீச்சர் வீடு. மூணாவதுதான் வில்லங்கம். அது கோமதி வீடு. கோமதி யாருங்கே? உலகம்மா கொழுந்தன் பொண்டாட்டி. ரெண்டு பேரும் பேசி ஏழு வருசம் ஆச்சு. மாமியா செத்த பதினாறாம் நாள் பந்தியில, "கிழவிக்கு ஒரு வாய்க் கஞ்சி ஊத்தாதவ மகளுக்கு இங்க என்ன சாப்பாடு?"ன்னு சொல்லி, இலை முன்னால உக்காந்திருந்த கோமதி மகளக் கையப் பிடிச்சு 'வெடுக்'னு எழுப்பி விட்டுட்டா இந்த உலகம்மா. ஆறு வயசுப் பிள்ளை, பேரு பேச்சி. சண்டாளி, செய்யலாமாட்டி? நீயே சொல்லு.

ம். அப்போ முதல் வெள்ளிக்கிழமை என்ன செஞ்சா? தையல்காரர் வீட்டுல வாங்குனா, டீச்சர் வீட்டுல வாங்குனா. கோமதி வீடு வந்ததும் மூஞ்சியத் திருப்பிட்டு விறுவிறுன்னு நாலாவது வீட்டுக்குப் போயிட்டா. விளக்க ஏத்தித் தோள்ல வச்சதும் 'பொசுக்'. அணைஞ்சு போச்சு.

ரெண்டாவது வெள்ளி இன்னும் கெட்டிக்காரத்தனம். ரெண்டு வீட்டுல வாங்கிட்டு, சொந்தப் பானையிலேருந்து ஒரு கை அள்ளி மடியில போட்டுக்கிட்டா. அம்மன யாரு ஏமாத்த? திரி 'சடசட'ன்னு பொரிஞ்சு, 'பொசுக்'.

பூசாரி கேட்டாரு, "மூணாவது அரிசி யாரு வீட்டுது?" உலகம்மா முந்தானைய உதறிக்கிட்டு வீட்டப் பாத்து நடந்துட்டா.

மூணாவது வெள்ளி. தலைக்குக் குளிச்சு, பச்சைத் தண்ணி பல்லுல படாம, ஈரச் சேலையோட முதல் ரெண்டு வீட்டுலயும் வாங்கிட்டு, கோமதி வீட்டு வாசல்ல போயி நின்னா. "தாயே, மடிப்பிச்சை"ன்னு கேக்கணும். எட்டூருக்குக் கேக்குற தொண்டை அவளுக்கு, அன்னைக்குக் காத்துதான் வருது.

கதவு 'கிரீச்'னு திறந்துச்சு. வந்தது பேச்சி. நெடுநெடுன்னு வளந்து நிக்கா.

"பெரியம்மையா?"

உலகம்மாவுக்கு அழுகை முட்டிட்டு வந்துட்டு. "ஏட்டி, அன்னைக்கு உன்னைய இலையிலேருந்து எழுப்புன கை இதுதான். நான் செஞ்சது பாவம். எம்மேல கோவமா இருப்ப."

பேச்சி யோசிச்சுப் பாத்தா. "கோவம்லாம் இல்ல பெரியம்மை. அன்னைக்கு எனக்குப் பசிச்சுது, அவ்வளவுதான்."

அய்யோ, அந்தச் சொல்லு இருக்கே! உலகம்மா வாசப்படியிலயே உக்காந்துட்டா. ஏங்கி ஏங்கி அழுதா. பேச்சி உள்ள போயி, ரெண்டு கையும் நிறைய அரிசி அள்ளிட்டு வந்து மடியில போட்டா.

அப்புறம் உலகம்மா வீட்டுல அரிசிய ஊறப்போட்டு, இடது கையால இடிக்கா. 'டொக்கு... டொக்கு.' யாரோ உள்ள வந்து இன்னொரு உலக்கைய எடுத்தாக. பாத்தா கோமதி. "ஒத்தக் கையால என்னத்த இடிப்பிய?"ன்னு மட்டும் கேட்டா. 'டொக்கு டொக்கு, டொக்கு டொக்கு.' வெல்லம் போட்டு, ஏலக்காய் தட்டிப் பிசைஞ்சு, குழிச்சு, நெய் ஊத்துனாக.

ம் எங்கட்டி? தூங்கிட்டியா? ம்.

கோயில்ல விளக்கு அன்னைக்கு நின்னு எரிஞ்சுது. நெய் தீந்து தானா அடங்குச்சு. கை? உடனே ஏறல, பொய் சொல்ல மாட்டேன். அன்னைக்குக் காது வரைக்கும் வந்துச்சு. ஆனா உலகம்மா அதப் பாக்கவே இல்ல. வீட்டுக்குப் போயி பெரிய தலைவாழை இலையாப் போட்டு, பேச்சிய உக்கார வச்சு, மாவிளக்குல முதல் துண்ட அவளுக்கு வச்சா. அப்புறம் சோறு, குழம்பு, பாயாசம், எல்லாம் அந்த வலது கையாலதான் பரிமாறுனா. மறு வெள்ளி அதே கை தலைக்கு மேல போச்சு.

பேச்சி நிதானமாச் சாப்பிட்டா. அவளா எந்திரிக்கிற வரைக்கும் யாரும் எழுப்பல.

உன்னையும் நாளைக்குக் காலையில யாரும் எழுப்ப மாட்டாக. விளக்கு அடங்கிட்டு, கதையும் அடங்கிட்டு. கண்ண மூடுட்டி.