அம்மோனியா பாட்டில்

பொய்யரைப் பிடிப்பதில் சூரர் என்றுதான் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி அந்த டாக்டரை வைத்திருந்தார். தலையில் இரும்புச் சட்டம் விழுந்த நாளிலிருந்து வாசனையே தெரியவில்லை என்றாள் அங்கே வேலை செய்த தேசம்மா. நஷ்டஈட்டுக்கு நடிக்கிறாள் என்றார் டாக்டர். எல்லோர் முன்னாலும் அம்மோனியா பாட்டிலைத் திறந்து அவள் மூக்கருகே நீட்டினார். அவள் கண்ணில் நீர் கொட்டியது.

"மாட்டிக்கிட்டியா! வாசனை தெரியாமலா அழுவுற?"

"எரியுது சார், வாசனை தெரியல. நீங்க மூக்கை இறுக்கிப் பொத்திக்கிட்டு பாட்டிலைக் கண்ணுகிட்ட வச்சுப் பாருங்க."

வீம்புக்கு வைத்தார். அவருக்கும் கண்ணீர் வழிந்தது.

"இப்ப என்ன வாசனை சார் வந்துச்சு?"

கூட்டம் சிரித்தது.

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?" என்று உறுமினார் டாக்டர்.

"யாருமில்ல சார். அடுப்புப் பொறி பட்டு எம்புள்ள தூங்கின தூளி பத்திக்கிச்சு. கருகுற வாசனை எனக்கு வரல. கண்ணு எரிஞ்ச பின்னாடிதான் திரும்பிப் பாத்தேன்."