எலும்பு வார்டில் வைத்த மை

முதலில் நான்காம் கட்டில். லாரி ஓட்டுநரின் தொடையில் கம்பி வைத்துத் தைத்த ஐந்தாம் நாள் சீழ் வந்தது. தரையைச் சரியாகத் துடைக்கவில்லை என்றார்கள். அடுத்து ஏழாம் கட்டில். கொத்தனாரின் கணுக்காலில் சீழ். துடைப்பம் அழுக்கு என்றார்கள். மூன்றாவது, ஒன்பதாம் கட்டில். இந்த முறை துடைப்பத்தை விட்டுவிட்டு, அதைப் பிடித்திருந்த துப்புரவுப் பணியாளர் பாக்கியத்தின் மேல் விசாரணை வைத்தார்கள்.

விசாரணைத் தாள் தயார். காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் குற்றவாளியின் பெயரை எழுதி, வார்டில் எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். அத்தோடு வேலை போகும்.

தலைமை மருத்துவர் திருஞானமூர்த்தி வந்தார். ஐம்பத்தெட்டு வயது. எலும்பு பொருத்துவதில் அவர் கைக்கு மாவட்டத்திலேயே ஈடில்லை. அதை அவரே சொல்வார்.

"பாக்கியம், கடைசியாக் கேக்கிறேன். சீழ் எங்கேருந்து வருது?"

"சொன்னா நம்ப மாட்டீங்க ஐயா. காட்டுறேன். ஆனா ரவுண்ட்ஸ் முடியறவரைக்கும் நான் வாத்தியார், நீங்க மாணவன்."

நர்ஸ் ஸ்டெல்லா விசாரணைத் தாளால் வாயை மூடிக்கொண்டாள். மருத்துவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, வாத்தியாரம்மா."

பாக்கியம் வருகைப் பதிவேட்டின் பக்கத்திலிருந்த மைப்பெட்டியைத் திறந்து நீட்டினாள்.

"என்னைக் கைநாட்டு வைக்கச் சொல்றியா?"

"நான் தினமும் வைக்கிறேனே. அஞ்சு விரலையும் நல்லா அழுத்துங்க. இன்னைக்குக் கட்டு எதையும் பிரிக்க வேண்டாம், மேலாகவே தொட்டுப் பாருங்க. மத்தபடி எப்பவும்போல."

எப்பவும்போல என்றால், ஒவ்வொரு காயத்தையும் சுற்றி விரலால் அழுத்திப் பார்ப்பார். முதல் கட்டிலில் கட்டு நீலமானது. இரண்டாவதிலும் ஆனது. மை மங்கியதே தவிரத் தீரவில்லை.

ஏழாம் கட்டிலில் கொத்தனார் காலைத் தூக்கிக் காட்டினார். "எனக்கு மை வச்சாச்சு! இனிமே என் ஓட்டை எவனும் போட முடியாது!"

"எனக்கு ரெண்டு ஓட்டு அண்ணே!" என்றார் லாரி ஓட்டுநர். வார்டே சிரித்தது.

பத்தாம் கட்டிலில், முந்தின நாள் முழங்காலில் தகடு வைத்த பள்ளிக்கூடத்துப் பெண் படுத்திருந்தாள். மருத்துவரின் கை பாதியில் நின்றது. திரும்பி, ஒன்பது கட்டில்களையும் பார்த்தார்.

"நடுவுல நான் கை கழுவறதே இல்லையா?"

"தொட்டி வாசல்ல இருக்கு ஐயா. நீங்க ஒருநாளும் திரும்பிப் போனதில்ல."

"ஒருத்தரும் சொல்லலையே?"

"ரவுண்ட்ஸ்ல எவரும் வாய் திறக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்கதானே?"

அவர் வாசலுக்கு நடந்தார். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினார். வந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். மறுபடி வாசலுக்குப் போய்க் கழுவிவிட்டு வந்து, ஸ்டெல்லாவிடம் தாளை வாங்கினார். 'துப்புரவுப் பணியாளர்' என்று தட்டச்சு செய்திருந்ததை அடித்துவிட்டு ஏதோ எழுதினார்.

"இதை யார் படிக்கிறது, வாத்தியாரம்மா?"

"எழுதினவர்தான். கடைசிக் கட்டில்வரைக்கும் கேக்கணும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தலைமை மருத்துவர் திருஞானமூர்த்தி."